ஒரு ரசத்துக்கு இவ்வளவு சிரிப்பா?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று அந்த ஸ்க்ரீன்ஷாட் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கே வந்துவிட்டது. அனுப்பியவர் என் சித்தப்பா, பட்டுக்கோட்டையிலிருந்து. கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நாலு, "உங்க சிங்கப்பூர்லதானப்பா இது?" என்று ஒரு கேள்வி. அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

எந்த ஸ்க்ரீன்ஷாட் என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், தேட வேண்டாம். படிக்க வருகிற ஒரு பையன், அறை வாடகைக்கு என்று விளம்பரம் போட்டவரிடம், "அண்ணா, சமையல் கூடாதுன்னு போட்டிருக்கீங்க, ரசம் மட்டும் வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பதிலே போடாமல் இருந்திருக்கலாம். அதைப் படம்பிடித்து, மேலே "ரசம் வைக்க சிங்கப்பூர் வந்திருக்கார் சார்" என்று எழுதி ஊரெல்லாம் சுற்றவிட்டார். பையனின் பெயரைக்கூட மறைக்கத் தோன்றவில்லை.

அந்தப் பையன் கேட்டதில் தப்பே இல்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தப்பில்லை என்றால், அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டான். வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு அடுக்குமாடி வீட்டில், அறை எடுத்தால் குறைந்தது 6 மாதம், தனியார் வீடு என்றால் 3 மாதம். அதற்குக் கம்மியாக வாடகைக்கு விடவே கூடாது என்பது இங்கே விதி. ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதுவும் குடிவருபவன் தலையில்தான். இத்தனையும் கட்டிவிட்டு உள்ளே போன பிறகு, "தம்பி, அடுப்பைத் தொடாதே" என்று சொன்னால் அவன் எங்கே போவான்? நடுவில் கிளம்பினால் முன்பணம் போச்சு. ஆகவே முதலிலேயே கேட்கிறான். விவரமான பையன் என்று முதுகில் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்காமல் பணம் அனுப்பிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாலு புகைப்படத்தை நம்பி, முகவர் என்று சொல்லிக்கொண்டவனின் கணக்குக்கு முன்பணத்தை அனுப்பிவிடுவார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு கொடுத்த முகவரிக்குப் போய் மணியடித்தால் அங்கே வேறொரு குடும்பம் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்று விதி இருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். கேட்டால் நாம் சிரிக்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சிலருக்குத் தெரியும், முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் முதுகலைப் படிக்க வந்தது 2010 ஆகஸ்ட். விடுதியில் இடமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. பூன் லேயில் இறங்கி 179ஆம் எண் பேருந்துக்கு நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் என்னைப் போலத்தான், கையில் தொலைபேசி எண்கள் எழுதின தாளோடு. கூப்பிட்டால் எதிர்முனையில் முதல் கேள்வியே "ஆர் யூ இந்தியன்?" ஆமாம் என்றால் "சாரி, டேக்கன்." ஒரு நாளில் பதினொரு சாரி வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டாவது எண்ணில் "வணக்கம், சொல்லுங்க தம்பி" என்று ஒரு குரல். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். தமிழ் ஆன்ட்டி. ஜூரோங் வெஸ்ட்டில் அறை, இன்னொரு பையனோடு பகிர்ந்துகொண்டு ஆளுக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சமைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. தமிழ் வீடாயிற்றே, இதைப் போய் கேட்பார்களா!

குடிபோன இரண்டாம் நாள் சொன்னார். கெட்டிலில் தண்ணீர் காய்ச்சலாம், மைக்ரோவேவில் சூடுபண்ணலாம், அடுப்பு கிடையாது. "வாசனை நிக்கும் தம்பி."

ஏழு மாதம் ரொட்டி, மேகி, கோப்பிக்கடைச் சோறு. மார்ச்சில் எனக்கு நல்ல காய்ச்சல். முஸ்தஃபாவில் வாங்கிய ஒரு சின்ன ரைஸ் குக்கர் பெட்டிக்குள் துணியில் சுற்றி இருந்தது, சோறு வடிக்க மட்டும் எப்போதாவது எடுப்பேன். அன்றைக்கு ரசம் வேண்டும் போல இருந்தது. அதில் தாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாளித்தவனுக்குத்தான் தெரியும். தண்ணீர் இல்லாமல் சூடானால் பொத்தான் டக்கென்று மேலே எழும்பிவிடும். கரண்டிக் காம்பால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கடுகைப் போட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தேன், கதவடியில் ஈரத்துண்டைச் செருகினேன். கடுகு வெடித்து இரண்டு மூன்று போய் சூட்டுத்தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டன. பெருங்காயம் போட்ட அரை நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

ஆன்ட்டி ஒன்றும் திட்டவில்லை. கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. குக்கரின் மின்கம்பியைக் காட்டினார். பிடுங்கிக் கொடுத்தேன். வாங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ரசம் பாதி கொதித்திருந்தது. புளி பச்சை வாசனை போகவில்லை, அப்படியே குடித்தேன். வீடு காலி செய்தபோது முன்பணத்தில் 150 வெள்ளி பிடித்தார். சுவருக்கு வர்ணம் அடிக்கவாம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2011 ஆகஸ்டில் செய்தியான கறிக் கதை ஞாபகம் இருக்கிறதா? சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்து, புகார் செய்தவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாகச் சமரசம் ஆன செய்தி. தீவே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறி சமைத்துப் பகிர்வோம் என்று முகநூலில் அழைப்பு வந்து, ஆயிரக்கணக்கான பேர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் இந்த ஊர்மேல் இருக்கிற பிரியத்துக்கு அந்த ஒரு நாளும் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆன்ட்டியும் கறி வைத்தார். ஆமாம், வைத்தார். பெரிய சட்டியில் கோழிக்கறி, உருளைக்கிழங்கு போட்டு. புளோக் முழுக்க மணந்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். எனக்கும் ஒரு கிண்ணம் தந்து, "நம்ம உரிமை தம்பி, விட்டுக்கொடுக்கக்கூடாது" என்றார். நான் அப்போது படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன், பசி. வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இனி பின்னூட்டத்தில் என்னென்ன வரும் என்று தெரியும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"என் வீடு, என் இஷ்டம்." சரி. ஒத்துக்கொள்கிறேன். வேலையில் இனம், மொழி பார்த்து ஒதுக்கக்கூடாது என்று 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, வாடகைக்கு அது பொருந்தாது. சமையல் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெயரோடு படம்பிடித்துப் போட்டு ஒரு பையனை அசிங்கப்படுத்தும் உரிமை எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது?

"எண்ணெய்ப் பிசுக்கு, சுவர் கெட்டுப்போகும்." ரசத்தில் எண்ணெய்ப் பிசுக்கா? அடுத்தது.

"கோப்பிக்கடையில் 5 வெள்ளிக்குச் சாப்பிட்டால் என்ன?" இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள், கவனித்திருக்கிறேன். ஒரு வேளைக்கு 5 வெள்ளி, 6 வெள்ளி. இரண்டு வேளை வெளியே சாப்பிட்டால் மாதம் 300 வெள்ளிக்கு மேல். ரூபாயில் 20,000க்குப் பக்கம். மாணவர் அனுமதியில் வந்தவன் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதுவும் அங்கீகரித்த கல்வி நிலையத்தில் படித்தால்தான். வாடகை நம் காலத்து வாடகையா? 2022இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறியது. அப்போது நாமெல்லாம் இதே முகநூலில் ஒப்பாரி வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? சம்பளம் வாங்குகிற நாமே ஒப்பாரி வைத்தோம். அவன் அப்பா கல்விக் கடனில் வீட்டுப் பத்திரத்தை வைத்திருப்பார். அந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "ரசம் மட்டும்" என்று கேட்டிருக்கிறான். அந்த "மட்டும்" என்ற சொல்லில் இருக்கிற கூச்சம் உங்கள் யார் கண்ணிலும் படவில்லையா?

"விளம்பரம் போட்டவர் இங்கேயே பிறந்தவரா, ஊரிலிருந்து வந்தவரா?" இரண்டு பக்கத்து ஆட்களும் இன்பாக்ஸில் இதையே கேட்கிறீர்கள். எதற்கு, அடுத்த சண்டைக்கா? சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் ஒரு காலத்தில் படிக்க வந்தவர்தான் என்பதை அவர் பழைய பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஒருவர், நண்பர்தான், "நீங்க இப்ப பிங்க் ஐசி, உங்களுக்கு என்ன, பேசுவீங்க" என்று எழுதியிருந்தார். பிங்க் ஐசி என்றால் சிங்கப்பூர்க் குடிமக்களின் அடையாள அட்டை. அய்யா, பிங்க் ஐசி வந்தால் பதினொரு சாரி மறந்துபோகுமா? எனக்குப் போகவில்லை. உங்களுக்குப் போயிருந்தால் மருந்து எது என்று சொல்லுங்கள்.

இதைச் சொல்லாவிட்டால் யாராவது தோண்டி எடுத்துப் போடுவீர்கள், அதனால் நானே சொல்கிறேன். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டு அறையை மூன்று வருடத்துக்கு முன் வாடகைக்கு விட்டபோது என் விளம்பரத்திலும் "லைட் குக்கிங் மட்டும்" என்றுதான் இருந்தது. மகளுக்கு அப்போது ஆஸ்துமா. தாளிப்பு வாசனைக்கு இருமுவாள். இது வேறு, அது வேறு. வேறுதான். ஒரு பெண் பிள்ளை தொலைபேசியில் "லைட் குக்கிங்னா என்னங்க அங்கிள்?" என்று கேட்டபோது எனக்குமே சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. முட்டை அவிக்கலாம்மா என்றேன். அவள் வரவில்லை. ஆனால் நான் அதைப் படம்பிடித்துப் போடவில்லை. போடவில்லை என்பதை மறுபடி சொல்கிறேன்.

அந்தப் பையனை எப்படியோ தேடிப் பிடித்து நேற்று ராத்திரி பேசினேன். கணக்கை மூடிவிட்டானாம். அவன் அம்மாவுக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. "எதுக்குடா இதையெல்லாம் கேட்ட?" என்று அவர்கள்தான் அதிகம் திட்டினார்களாம். ரசப்பொடி அரைத்துக் கொடுத்ததே அவர்கள்தான்.

யூ டீ பக்கம் வேறொரு அறை கிடைத்துவிட்டதாம். ஒரு சீன அங்கிள் வீடு, இன்னும் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள், 6 மாத ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டாயிற்று. நல்லது தம்பி என்றேன். சமைக்க விடுவாரா என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. இந்தத் தடவை நான் எதுவும் கேக்கல."