மறைக்கவில்லை, கொடுத்தே பார்த்தார்கள்

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வகத்தில் கொரோனா வைரஸை அடக்கியது, மருந்து கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி, ஆனால் 2020 தொடக்கத்தில் வந்த அந்தச் சோதனைகள் நடந்தது வெரோ செல்களில், அதாவது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களில், அங்கே வைரஸ் உள்ளே நுழையும் வழியை இந்த மருந்து அடைக்கிறது. மனித நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி வைரஸுக்கு வேறு கதவைத் திறந்துவிடுவதால் மருந்து எடுபடவில்லை. அப்புறம், யாரும் எதையும் மறைக்கவில்லை. பிரிட்டனின் ரெகவரி சோதனையில் மருத்துவமனை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 1,561 பேருக்குக் கொடுத்தே பார்த்தார்கள், 28 நாளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும் என்று காட்டியதும் இதே சோதனைதான்.