சரி, அந்த ஆள் எந்த வழியாக ஓடினான்?

எனக்கு 'மெக்கானிக் விமர்சகர்' என்று பட்டம் கொடுத்தவர்களுக்கு முதலில் நன்றி. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில், ஒரு இளம் எழுத்தாளரின் விண்வெளிக் கப்பல் நாவலைப் பற்றிய கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் சிரிக்கிற இடத்தோடு கச்சிதமாக வெட்டி. நான் கேட்டது ஒரே கேள்வி. ஆபத்து மணி அடித்ததும் நாயகன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கப்பலின் கடைசியில் இருக்கும் அணு உலைக்கு ஓடுகிறான். எந்த வழியாக?

இதற்கா அத்தனை சிரிப்பு?

நாவலில் கப்பலின் வரைபடம் போட்டிருக்கிறார்கள். நானா போடச் சொன்னேன்? முன்னால் கட்டுப்பாட்டு அறை. நடுவில் தோட்டம், நூலகம், கடைத்தெரு, ஒரு கோயில்கூட இருக்கிறது. பின்னால் உலை. இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாதை இல்லை, ஏணி இல்லை, கதவு இல்லை. கக்கூஸ் இல்லை, அதை விடுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகிற கப்பலாம். ஒரு பம்ப் நின்றுபோனால் ஃபிட்டர் எங்கே நின்று ஸ்பேனரைத் திருப்புவார்? அந்த பம்பைக் கழற்றினால் எந்த வாசல் வழியாக வெளியே எடுப்பார்?

இன்னொன்றும் கேட்க வைத்திருந்தேன், விடவில்லை. இன்ஜின் உந்திக்கொண்டிருக்கும்வரை கப்பலுக்குள் 'கீழே' என்பது இன்ஜின் இருக்கும் பக்கம்தான். அதனால் தளங்களை அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி இன்ஜினுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். இந்த வரைபடத்தில் நீளவாக்கில் போட்டிருக்கிறார்கள். கதைப்படி அந்த நேரத்தில் இன்ஜின் முழு வீச்சில் ஓடுகிறது. அப்படியென்றால் நம் நாயகன் உலைக்கு ஓடவில்லை, விழுகிறான். கப்பலைச் சுழற்றி ஈர்ப்பு உண்டாக்குகிறோம் என்றால் தரை வெளி விளிம்பில் இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"கதையில் போய் லாஜிக் பார்க்கலாமா சார்?" பார்க்கலாம். கோட்டைக்கு வாசல் எந்தத் திசையில் என்று தெரியாமல் முற்றுகை எழுதினால் விடுவீர்களா? 1966இல் வந்த ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரிலேயே இன்ஜினியர் உள்ளே ஏறி வேலை பார்க்க ஒரு குழாய்வழி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பலை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் பெயரில் அதற்கு ஜெஃப்ரீஸ் டியூப் என்றே பெயர். அதனால் அந்தக் கதை கெட்டா போனது?

"எதிர்காலத்தில் எல்லாம் ரோபோ பார்த்துக்கொள்ளும்." ரோபோவுக்கும் வழி வேண்டும். அடுத்தது.

"தொழில்நுட்பம் வளர்ந்திருக்கும்." வளரட்டும். 1967 ஜனவரி 27 அன்று நாசாவின் அப்போலோ 1 விண்கலம் தரையில்தான் நின்றது, வெறும் ஒத்திகை. உள்ளே தீப்பிடித்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அழுத்தம் ஏறியதும் திறக்கவே முடியவில்லை. மூன்று பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் வெளிப்பக்கம் சட்டென்று திறக்கும் கதவு வந்தது. 1997 ஜூனில் மீர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தில் ஒரு சரக்குக் கலம் மோதி அதன் ஸ்பெக்ட்ர் என்ற பகுதியில் காற்று கசிந்தது. கதவை அடைத்தால் பிழைத்தார்கள். அடைக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? வாசல் வழியாகக் கேபிள்களை இழுத்து விட்டிருந்தார்கள். அவற்றைப் பிடுங்கியும் வெட்டியும் எடுத்த பிறகுதான் அடைக்க முடிந்தது. சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருந்தது கேபிள், ஐயா. உங்களுக்கு அது சுவாரசியமில்லாத விவரம்.

இப்போது மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், சுவரோரம் நிற்கும் பெரிய ரேக்குகளை முன்னால் சாய்க்கலாம். பின்னால் இருக்கும் வெளிச்சுவரில் கசிவு வந்தால் கை எட்ட வேண்டுமே. யாரோ ஒருவர் படம் வரையும்போதே அந்தக் கையை நினைத்திருக்கிறார். நான் கேட்பது இவ்வளவுதான்: வரையும்போது ஒரு கையை நினையுங்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு சூடாகிறேன் என்று கேட்கலாம். நான் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவன். ஒரு பழைய சரக்குக் கப்பலில், அடித்தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சாதாரண ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கினோம். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தோம், தலைப்பக்கத்தை உயர்த்திப் பார்த்தோம். அவன் அலறுகிறான். திரும்பக் கீழே இறக்கி, நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தோம். கேன்வாஸில் மூங்கில் பட்டை வைத்துத் தைத்தது, ஆளைப் பாய் மாதிரி சுருட்டிக் கட்டி நெட்டுக்குத்தலாகத் தூக்கலாம். செயின் பிளாக், அதாவது சங்கிலிக் கப்பி போட்டு ஏற்றினோம். பிழைத்துக்கொண்டான். அந்தப் படிக்கட்டை வரைந்தவருக்கும் பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும்.

எண்ணெய்க் கப்பலிலும், சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியரிலும் சரக்குத் தொட்டிக்குள் இறங்கும் வாய் குறைந்தது 600க்கு 600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று சோலாஸ் என்கிற, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் விதியே இருக்கிறது. மூச்சுக்கருவி மாட்டியவர் இறங்க வேண்டும், அடிபட்டவரைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பின்னால் யாரோ மாட்டிக்கொண்ட கதை இருக்கும். உங்களுக்குக் கதைதானே வேண்டும்?

நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டனுக்குப் பக்கம் பக்கமாக வசனம். அவர் ஜன்னலோரம் நின்று நட்சத்திரம் பார்க்க ஒரு அத்தியாயம். உலைப்பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குப் பெயர்கூட இல்லை. வெடிப்பில் சாகும்போது 'சில பணியாளர்கள்' என்று ஒரு வரி. வழி வரையாதது மறதி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அங்கே போகிறவர்கள் யாரும் எழுதுகிறவர் கண்ணில் படவே இல்லை. 'மெக்கானிக்' என்று சொன்னதும் அரங்கம் சிரித்ததே, அதுவும் இதே சிரிப்புதான்.

"வளர்கிற பையனை இப்படித் தட்டிவைக்கலாமா அண்ணே?" இன்பாக்ஸில் இதுதான் அதிகம். நான் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டு வந்தவன். மேடையில் இருந்தவர்கள் எத்தனை பேர் அந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். பாராட்டிவிட்டுப் போவது சுலபம். பஸ் ஏறி, அரியாங்குப்பம் நெரிசலில் நின்று நின்று கடலூர் வந்து சேரும்வரை நான் அந்தக் கப்பலைத்தான் மனசில் வரைந்துகொண்டு வந்தேன். நாவல் எழுதிய பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சிரிக்கவில்லை, குனிந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தது பெரியவர்கள். முன்னுரையில் 'துல்லியமான கட்டமைப்பு' என்று எழுதியவர் முதல் வரிசையில் சிரித்தார்.

தம்பி, இதைப் படித்தால் ஒருநாள் கடலூர் முதுநகர் வாங்க. துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த விசைப்படகு இருக்கிறது. இன்ஜினுக்கு மேலே தளப்பலகையைக் கழற்றுகிற மாதிரி போட்டிருப்பார்கள், இன்ஜினை அப்படியே வெளியே தூக்க. உள்ளே இறங்கிக் காட்டுகிறேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாங்க, கிரீஸ் போகாது. முன்னுரை எழுதிய ஐயாவும் வரலாம். வேட்டி மட்டும் வேண்டாம்.