சாவேஜ்: காட்டின் மேல் போட்ட பழி

இப்போது பிள்ளைகள் "செம சாவேஜ் ரிப்ளை" என்று பாராட்டுகிறார்கள். எதிராளியை ஒரே வரியில் வாயடைக்க வைத்தால் அந்தப் பட்டம். அதில் எனக்கொன்றும் சண்டையில்லை. ஆனால் கொலைவெறியைச் சொல்ல ஆங்கிலச் செய்திகளில் 'சாவேஜரி' என்று போடும்போது உறுத்துகிறது.

லத்தீனில் 'சில்வா' என்றால் காடு. 'சில்வாட்டிகஸ்' என்றால் காட்டைச் சேர்ந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக அது 'சாவேஜ்' ஆகி ஆங்கிலத்துக்குப் போய் 700 ஆண்டுகள் இருக்கும். விலங்குக்கும் செடிகொடிக்கும் சொன்னதை அப்புறம் மனிதர் மேலும் ஏற்றி, கொடூரத்தையும் ஒட்டிவிட்டார்கள். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் எல்லா மனிதரும் சமம் என்று தொடங்குகிறது. அதே ஏட்டில் கொஞ்சம் கீழே பூர்வகுடிகள் 'இரக்கமற்ற சாவேஜ்கள்'!

சொல்லோடு போயிருந்தால்கூடச் சரி. 1906-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிசாலையில், குரங்குகள் இருந்த கட்டடத்தில், ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை வைத்துக் காட்டினார்கள். வெளியே ஒரு பலகை: வயது 23, உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 103 பவுண்டு, செப்டம்பர் முழுக்கப் பிற்பகல்தோறும் காட்சி. கூராக அராவிய அவர் பற்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. கறுப்பினப் பாதிரியார்கள் போராடித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். காட்சிசாலையை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2020-ல்.

அவருடைய காங்கோ அப்போது பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்துபோல இருந்தது. ரப்பர் கொண்டுவராத ஊர்கள் மேல் படையை ஏவினார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, சிப்பாய்கள் செத்தவரின் கையை வெட்டி எடுத்துவர வேண்டும். உயிரோடு இருந்தவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்ததும் உண்டு. இந்த ஏற்பாட்டைச் செய்த கனவான்களை யாரும் சாவேஜ் என்று கூண்டில் ஏற்றவில்லை.

நாம் மட்டும் என்ன? 'காட்டுமிராண்டித்தனம்' என்கிறோமே. குறிஞ்சியைக் காதலுக்கு எழுதிவைத்த மொழி, குறவர் வீட்டு வள்ளியைக் கைப்பிடித்த முருகனைக் கும்பிடும் ஊர். ஆனால் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தில், சிசிடிவிக்கு முன்னால் வெட்டினாலும் பழி காட்டுக்குத்தான். தலைப்பு எழுதும் நண்பர்களே, 'கொடூரம்' என்று போடுங்கள். இடமும் மிச்சம்.