குதிரைக்கு மாட்டுத் தீனி போடாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் பால் மாடு இல்லாத வீடு குறைவு. தத்தமங்கலம் குதிரையோட்டம் பார்த்து ஆசைப்பட்டோ, அந்தியூர் ஆடிச் சந்தையில் மனசைப் பறிகொடுத்தோ இப்போது நம் பையன்கள் குதிரை வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டுவது மாட்டுக் கொட்டகையில், போடுவதும் மாட்டுக்கு அறுத்த தீனி. அதை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

மாடு வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்து அசை போடும். குதிரைக்கு அது கிடையாது. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் நாள் முழுக்க ஊறும். அமிலத்தைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். அவிழ்த்துவிட்டால் 16 மணி நேரம்கூட மேயும். காலையில் ஒரு வாளி, ராத்திரி ஒரு வாளி வைத்துவிட்டு நடுவில் வெறும் வாயோடு நிறுத்தினால் வயிற்றில் புண்தான் வரும். மக்காச்சோளத்தை அள்ளி வைத்தால் வயிற்றுவலி, குளம்பு அழற்சி. அது வாந்தி எடுக்கவும் முடியாத பிராணிங்க.

அப்புறம் இந்த கோ-4 புல், அதாவது ஒட்டு நேப்பியர் தீவனப்புல். மாட்டுக்கு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் நேப்பியர் வகைகளில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அந்தப் புல்லையே போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகம் வீங்கி, நொண்ட ஆரம்பிக்கும். கூடவே தவிடும் போட்டால் இன்னும் மோசம், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அருகம்புல் அடியாக இருக்கட்டும், பயறு வகைத் தீவனமான குதிரைமசாலோ வேலிமசாலோ கொஞ்சம் கலந்து கொடுங்கள். இளம் சோளப்பயிரில் மேய விடவே வேண்டாம்.

சரி, எவ்வளவு போடுவது? ஒரு நாளைக்கு, காய்ந்த தீனிக் கணக்கில் உடல் எடையில் 2 சதவீதம். 300 கிலோ குதிரைக்கு 6 கிலோ, பச்சையாக என்றால் 30 கிலோ வரை. ஆனால் இது ஆரம்பக் கணக்குதான். மட்டக்குதிரைக்குப் புல்லே போதும், கொள்ளு வைத்தால் கொழுத்து நாசமாகும். தினம் ஓடுகிற குதிரைக்குப் புல்லுக்கு மேல் ஊறவைத்து வேகவைத்த கொள்ளோ ஓட்ஸோ தேவைப்படும். சினைக்குக் கடைசி மூன்று மாதம் கூடுதல் கவனிப்பு வேண்டும். பல் தேய்ந்த கிழக்குதிரைக்குப் பொடியாக நறுக்கி, நனைத்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாளியைப் பார்க்காதீர்கள், உங்கள் குதிரையின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தீனியை மாற்றுவதானால் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பண்ணையில் மிஞ்சிய கோழித் தீவனத்தை மட்டும் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். அதில் சிலவற்றில் மோனென்சின் மருந்து கலந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் ஆகாத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.