ஒரே தூபி, கண்டம் விட்டுக் கண்டம் சிதறிய பட்டியல்கள்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஆந்திராவின் அமராவதியில் இருந்த பழைய பௌத்தத் தூபியின் சிற்பங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும், அந்தக் கற்களை விட்டு நகர மனசே வராது. அதில் ஏதாவது ஒரு பலகையைக் குறித்துக்கொண்டு, தூபியில் இது எங்கே இருந்தது, பக்கத்துக் கல் என்ன ஆனது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரே தேடலில் விடை வராது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1816-17இல் ஆட்களை வைத்து அந்தச் சிற்பங்களை வரையச் செய்தார். அந்த ஓவியங்கள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். அப்போது வரையப்பட்ட கற்களில் பல இன்று இல்லை. அவற்றுக்கு அந்த ஓவியம்தான் சாட்சி. 1845இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்தவை மதராஸ் வந்தன. 1858இல் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் புகைப்படம் எடுத்தார். அடுத்த ஆண்டே ஏராளமானவை கப்பலேறிவிட்டன. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் ஒரு பகுதி, அமராவதியிலேயே தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் இன்னொரு பகுதி. மதராஸ் அரசின் பழைய கோப்புகளோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். அதுவும் எழும்பூர்தான்!

இவை ஒன்றோடொன்று சேராததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. அருங்காட்சியகம் பதிவெண் போட்டு வைக்கும். நூலகம் ஆசிரியர், தலைப்பு பார்த்து அடுக்கும். காப்பகம் எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கட்டிவைக்கும். மூன்றும் அவரவர் வேலைக்குச் சரியான முறைகள். ஆனால் கல்லின் பதிவெண் கோப்பில் இருக்காது, கோப்பின் எண் ஓவியத்தில் இருக்காது. தேடுகிற மாணவர் எங்கே போவார்?

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் தொடங்கிய யூரோப்பியானா, ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்கள், காப்பகங்களின் விவரக்குறிப்புகளை, அதாவது ஒவ்வொரு பொருளையும் பற்றிய பட்டியல் தகவல்களை, ஒரே தேடலில் காட்டுகிறது. பொருளும் மூலப்படமும் அந்தந்த நிறுவனத்திடமே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டிரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் கணினி வாசித்ததில் வரும் பிழைகளைப் பொதுமக்களே திருத்துகிறார்கள். விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நம் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கும் உழைப்பைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி உழைக்க இங்கேயும் ஆள் இருக்கிறது.

மின்னாக்கம் என்றாலே ஸ்கேன் செய்து ஏற்றுவது என்று நாம் நினைத்துவிடுகிறோம். எத்தனை பக்கம் முடிந்தது என்றுதான் கணக்குக் கேட்கிறோம். பட்டியல் சரியில்லாத ஸ்கேன், கிடங்கில் கிடக்கும் மூட்டை மாதிரிதான். பட்டியல் போடுகிறவர்களுக்குச் சம்பளமும் நேரமும் முதலில் ஒதுக்குங்கள். படத்தைப் பிறகுகூட ஏற்றலாம்.

பகிர்ந்தால் உரிமை போய்விடும் என்ற தயக்கம் நிறுவனங்களுக்கு உண்டு. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் இங்கே கேட்பது விவரக்குறிப்பை மட்டும்தான். கல் எழும்பூரிலேயே இருக்கட்டும்.

எழும்பூர் அருங்காட்சியகமே தொடங்கி வைக்கலாம். அங்குள்ள அமராவதிக் கற்கள் ஒவ்வொன்றின் பதிவெண், அளவு, கிடைத்த ஆண்டு ஆகியவற்றை யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரே கோப்பாக, மாறாத இணைய முகவரியோடு வெளியிடட்டும். அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அந்தக் கற்களைப் பற்றித் தன்னிடமுள்ள நூல்களை அந்த எண்களோடு அதுவே இணைக்கலாம். அடுத்து ஆவணக் காப்பகம். அதன் பிறகு லண்டனுக்கு எழுதிக் கேட்போம்.