நின்றுகொண்டே ஒரு ஷேவிங்

மன்னார்குடிப் பக்கம் செல்வத்தின் சலூன். குறுவை அறுப்பு மும்முரமாக நடக்கிற நேரம். டிராக்டர் ஓட்டும் கணேசன், வயது 52, உள்ளே வருகிறார். காலியாக இருக்கும் நாற்காலியை முறைத்துப் பார்க்கிறார். உட்காரவில்லை.

செல்வம்: வாங்கண்ணே, உட்காருங்க.

கணேசன்: வேண்டாம்ப்பா. இப்படியே நிற்கிறேன், நீ பாட்டுக்கு ஷேவிங் பண்ணு.

செல்வம்: உங்கள் உயரத்துக்கு நான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

கணேசன்: ஏறேன், சும்மாவா பண்ணுகிறாய்?

செல்வம்: எத்தனை நாளாக ரத்தம் போகிறது?

கணேசன்: (வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக) யார் சொன்னது? என் வீட்டுக்காரியா?

செல்வம்: யாரும் சொல்லவில்லை. போன வருஷம் நானும் இந்த நாற்காலியை இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணேசன்: எல்லாம் சூடுப்பா. டிராக்டர் சீட்டு கொதிக்கிறது.

செல்வம்: சீட்டுச் சூட்டில் மூலம் வருமென்றால் டிராக்டர் விற்கும்போதே கூட ஒரு ஆயின்மென்ட் கொடுத்திருப்பார்களே! முக்கி முக்கிப் போவதால்தான் ஆசனவாயில் இருக்கிற ரத்தக் குழாய்கள் வீங்குகின்றன. உங்களுக்குத் தினமும் போகிறதா?

கணேசன்: இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அதுவும் அரை மணி நேரம் ஆகும். செல்போன் இருப்பதால் பொழுது போகிறது.

செல்வம்: சரியாப் போச்சு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள், உங்களுக்கு அந்த 17 கூட இல்லை. தண்ணீர் குடிக்கிறதே கிடையாதா?

கணேசன்: டீ குடிக்கிறேனே.

செல்வம்: சரி, ரத்தம் எப்படி?

கணேசன்: வெளிக்குப் போய் முடிக்கும்போது சிவப்பாகச் சொட்டும். வலி கிடையாது. கூடவே என்னமோ வெளியே வரும்.

செல்வம்: தானாக உள்ளே போகிறதா, கையால் தள்ள வேண்டியிருக்கிறதா?

கணேசன்: நீ ஷேவிங் பண்ணுகிறாயா, பஞ்சாயத்து வைக்கிறாயா?

செல்வம்: என்னிடமும் டாக்டர் இதைத்தான் கேட்டார். தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை, தள்ளினால் மூன்று, தள்ளியும் போகாவிட்டால் நாலு.

கணேசன்: அப்போ மூன்று. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு முன்னால் வந்ததில்லை.

செல்வம்: வலி இல்லை என்கிறீர்கள், அப்புறம் ஏன் உட்கார மறுக்கிறீர்கள்?

கணேசன்: அது வேற கதை. நேற்றுச் சாயங்காலம் மூட்டை தூக்கினேன், ராத்திரி ஓரத்தில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் உயிர் போகிறது.

செல்வம்: அண்ணே, அது வெளிமூலத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். மூன்று நாளைக்குள் காட்டினால், மரத்துப்போக ஊசி போட்டு அந்தக் கட்டியை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. நாள் போய்விட்டால் அதுவாக வற்றட்டும் என்று விட்டுவிடுவார்கள், அதுவரைக்கும் நீங்கள் வலியைத் தாங்க வேண்டியதுதான்.

கணேசன்: பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஒரே ஊசியாம், மூலம், பௌத்திரம் எல்லாம் போய்விடுமாம்.

செல்வம்: மூலம் வேறு, சீழ் வைக்கிற பௌத்திரம் வேறு, போகும்போது பிளேடால் கீறுகிற மாதிரி வலிக்கிற வெடிப்பு வேறு. மூன்றுக்கும் ஒரே ஊசி என்றால் அவன் உங்களைப் பார்க்காமலே ஊசியை ஏற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அது புண்ணாகிச் சீழ் பிடித்தால் எங்கே போவீர்கள்?

கணேசன்: வீட்டில் தினமும் கருணைக்கிழங்கு மசியல். துத்தி இலை வேறு. இதுக்கும் மேல என்ன?

செல்வம்: சாப்பிடுங்க, யார் வேண்டாம் என்றது. கீரை, வாழைத்தண்டு எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கை பொறுக்கிற சூட்டில் தொட்டியில் ஊற்றி 10, 15 நிமிஷம் உட்காருங்கள், வலி அடங்கும். ஆனால் ரத்தம் மூலத்திலிருந்துதான் வருகிறது என்று கிழங்கா பார்த்துச் சொல்லும்? 45, 50 தாண்டிய ஆளுக்குப் புதிதாக ரத்தம் போனால் குடல் புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூலம் என்று நிம்மதியாக இருக்க முடியும். எடை குறைந்ததா? அடிக்கடி களைப்பு வருகிறதா? முன்பு போனதற்கும் இப்போது போவதற்கும் வித்தியாசம் இருக்கிறதா?

கணேசன்: (தாடையைத் தடவியபடி) களைப்பு இருக்கிறது. அறுப்பு நேரம் என்று நினைத்தேன்.

செல்வம்: ரத்தம் போய்ப் போய்ச் சோகை பிடித்தாலும் களைப்புத்தான் வரும். மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று போனாலோ, தலை சுற்றினாலோ, நிறைய ரத்தம் போய்க்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும், அறுப்பாவது ஒன்றாவது.

கணேசன்: போனால் உடனே ஆபரேஷன்தானே?

செல்வம்: எனக்கு மூலத்தின் அடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினார்கள். ரத்த ஓட்டம் நின்று அந்த மூலம் சில நாளில் தானாக விழுந்துவிட்டது. நிலை முற்றினால்தான் ஆபரேஷன்.

கணேசன்: சரிப்பா, இன்றைக்கே போகிறேன். ஆனால் அங்கே இருக்கிறது பெண் டாக்டர். நம்ம ஊர்ப் பொண்ணு வேற. அப்புறம் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்?

செல்வம்: முழிக்க வேண்டியதே இல்லைண்ணே. சுவரைப் பார்த்துத்தான் படுக்கச் சொல்லுவாங்க.