சமாதானம் செய்து வைக்கக் கிளம்புகிறவர்களுக்கு

அந்தத் திருமண மேடையில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பேச்சுவார்த்தையற்றுப் போன தாயையும் மகளையும் ஊரார் முன்னிலையில் மேடையேற்றி, "கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னவருக்கு நல்ல எண்ணம்தான் என்கிறார்கள். இருக்கட்டும். அந்த மகளின் முகத்தை யாராவது பார்த்தீர்களா?

சிற்றூரில் தாயும் மகளும் சண்டையிடவே தனியிடம் கிடையாது. அப்புறம் சமாதானமாக மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? மருந்து வாங்கப் போகும் தாய்க்குக் கடைக்காரர் அறிவுரை சொல்வார். வேலைக்குப் போகும் மகளை வழியில் நிறுத்தி விசாரிப்பார்கள். இங்கே கேட்டதைக் கொஞ்சம் கூட்டி அங்கே சேர்ப்பவர்களும் அவர்களேதான்.

சும்மா விட்டால் உறவே அறுந்துவிடாதா என்று பதறுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில், வயதுவந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்றில், தாயிடமிருந்து ஒரு கட்டத்தில் விலகியிருந்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு; அவர்களில் 81 விழுக்காட்டினரின் விலகல் பின்னர் முடிவுக்கு வந்திருக்கிறது. "அது அமெரிக்கா" என்பீர்கள். ஆமாம், அங்கே ஒலிவாங்கியோடு யாரும் குறுக்கே நின்றிருக்க மாட்டார்கள்.

"பெற்றவளுக்கு வயதாகிறது, நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற கேள்வியைத்தான் என்னால் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. அது அக்கறைபோல ஒலிக்கும் மிரட்டல். மகளுக்குத் தெரியாதா, தாய்க்கு வயதாவது? இரவில் அவளை விழிக்க வைப்பதே அதுதானே?

என் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையின்போது நான் போனது யாரும் சொல்லி அல்ல, நானாகவேதான் போனேன். அன்றிரவு, கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர், நெடுநாளைக்குப் பிறகு தாமாகவே பேசினார், நானும் பேசினேன். மறுநாள் உறவினர் ஒருவர், "நான்தான் அவளிடம் பேசி அனுப்பிவைத்தேன்" என்று வார்டு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டார். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர்கள் சொல்லித்தான் வந்தாயா?" நான் எவ்வளவு மறுத்தும் அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. அந்த உறவினரோ இன்னமும் எங்கள் நலனுக்காகத்தான் வருந்திக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தயவுசெய்து விலகி நில்லுங்கள். தாயும் மகளும் பேசுவதோ பேசாதிருப்பதோ அவர்கள் பாடு. இதைப் படித்ததும் என் அம்மாவுக்கு அனுப்பிவைக்கத் துடிக்கும் நல்ல உள்ளங்களுக்கு: அவரும் முகநூலில்தான் இருக்கிறார், படித்துக்கொள்வார்.